வீட்டுக்காரருக்கு என்ன கலர்?

அந்த வீட்டில் சிவப்பு பம்பரத்துக்கு, நீலம் டீச்சருக்கு, பச்சை பாப்பாவுக்கு.

சீப்பு, துண்டு, செருப்பு என்று யாருடையதை வேண்டுமானாலும் யாரும் எடுத்துக்கொள்ளலாம். ஒரே லிப்ஸ்டிக்கை மூன்று பேரும் தேய்த்துத் தேய்த்து அடி தெரியும் வரை கொண்டுவந்திருக்கிறார்கள். ஆனால் சமையலறை அலமாரியில் மூன்று தம்ளர்களில் நிற்கும் ஊசிகளில் மட்டும் கலர் மாறக் கூடாது. ஒவ்வொரு ஊசிக்கும் நெயில் பாலிஷில் ஒரு வளையம் போட்டிருக்கும். யோசனை டீச்சருடையது, அதைச் சட்டமாக்கியது பம்பரம். ஒரே இடத்தில் ஐந்து நிமிஷம் உட்காரத் தெரியாதவள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். அந்தத் தம்ளர்கள் விஷயத்தில் மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நிற்பாள்.

ஒரு நாள் மதியம் பன்னிரண்டரைக்கு, அவர்களுக்கு அதுதான் விடியற்காலை, பாப்பா தூக்கக் கலக்கத்தில் நீலத் தம்ளர் பக்கம் கையை நீட்டினாள். பல் தேய்த்துக்கொண்டிருந்த பம்பரம் வாய் நிறைய நுரையோடு கத்தினாள்.

“கைய எடு! அது உன் கலர் இல்ல!”

பாப்பாவுக்கு வயது இருபத்து நான்கு. பெயர்தான் பாப்பா. “கண்ணு சரியா தெரியலக்கா. நீலமும் பச்சையும் ஒண்ணு மாதிரியே இருக்கு.”

“தெரியலன்னா போய் மூஞ்சிய கழுவிட்டு வா. உசிரு விஷயத்துல என்னடி ஒண்ணு மாதிரி?”

“உசிரு இல்ல, உயிர்,” என்று படுக்கையிலிருந்தே திருத்தினாள் டீச்சர். எப்போதோ இரண்டு வருஷம் ஒரு மழலையர் பள்ளியில் வேலை பார்த்தவள். வேலை போய்விட்டது, திருத்துகிற பழக்கம் போகவில்லை.

மூன்று பேருக்கும் தொழில் ஒன்று, பஸ் நிலையத்துக்குப் பின்னால் உள்ள லாட்ஜ்களில். பழக்கமும் ஒன்று, போதைப் பவுடரைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்வது. தொழிலால் பழக்கம் வந்ததா, பழக்கத்தால் தொழில் வந்ததா என்று கேட்டால் மூன்று பேரும் மூன்று பதில் சொல்வார்கள், மறுநாள் அதை மாற்றியும் சொல்வார்கள். கேட்கிறவர்களுக்குத்தான் அந்தக் கேள்வியில் அத்தனை ருசி. இவர்களுக்குக் குளிக்கவும் துணி துவைக்கவுமே பகல் போதவில்லை.

ஒவ்வொரு தடவையும் புது ஊசி எடுத்தால் இந்தக் கலர் கூத்து எதற்கு என்று கேட்கலாம். நல்ல கேள்விதான். மருந்துக் கடைக்காரர் சர்க்கரை வியாதிக்காரர்களுக்குச் சிரித்த முகத்தோடு ஊசியை எடுத்துக் கொடுப்பார். பம்பரம் போய் நின்றால் மேலும் கீழும் பார்த்துவிட்டு ஸ்டாக் இல்லை என்பார். ஸ்டாக் அவர் முதுகுக்குப் பின்னாலேயே அடுக்கி இருக்கும். இலவசமாகப் புது ஊசி கொடுக்கும் மையம் ஒன்று இருந்தது, காலை பத்திலிருந்து ஒரு மணி வரை. ராத்திரி வேலைக்காரிகளுக்காகத் திறந்த மையம் அவர்கள் தூங்கும் நேரத்தில் திறந்து, எழுந்திருக்கும் நேரத்தில் பூட்டிக்கொண்டது. போதாக்குறைக்கு அந்தத் தெரு முனையிலேயே போலீஸ் சாவடி. கைப்பையில் ஊசி இருந்தால் ஒரு கேஸ், ஆணுறை இருந்தால் அதற்கும் ஒரு கேஸ். எய்ட்ஸ் வராமல் பார்த்துக்கொள் என்று சுவரெல்லாம் எழுதிவைத்துவிட்டு, பார்த்துக்கொள்வதற்கான சாமானைப் பையில் வைத்திருந்தால் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்றால் மனுஷி என்னதான் செய்வாள்? நெயில் பாலிஷ்தான் அடிப்பாள். நெயில் பாலிஷுக்கு இதுவரை யாரும் கேஸ் போடவில்லை.

வீட்டில் ஓர் ஆணும் உண்டு. பம்பரத்தின் வீட்டுக்காரன், பெயின்டர். கல்யாணம் என்று ஒன்று நடக்கவில்லை, குடித்தனம் பதினோரு வருஷமாக நடக்கிறது. அவனிடம் அவள் “என்னங்க” என்று ஆரம்பித்தால் சமாதானம், “யோவ்” என்று ஆரம்பித்தால் சண்டை. அந்த வீடு கிடைத்ததே அவனால்தான். ஆண் துணை இல்லாத மூன்று பெண்களுக்கு அந்தப் பக்கத்தில் மாடிப்படி அடியில்கூட இடம் கொடுக்க மாட்டார்கள். ஒரு மனைவி, இரண்டு தங்கைகள் என்று பெயின்டர் ஓனரிடம் அளந்துவிட்டான். டீச்சர் அவனைவிட நாலு வயது மூத்தவள். இருந்தாலும் தலைக்கு டை அடித்துக்கொண்டு வந்து தங்கையாக நின்றாள். குடும்பம் என்றதும் ஓனர் சாவியைக் கொடுத்தார். தண்ணீர் மோட்டாரை எப்படிப் போடுவது என்றும் சொல்லிக்கொடுத்தார்.

பம்பரத்துக்குத் தானே ஊசி போட்டுக்கொள்ளத் தெரியாது. பெயின்டர்தான் போட்டுவிடுவான். முதலில் அவன், அடுத்தது அவள், அதே சிவப்பு ஊசியில். “சரக்கு எப்படி இருக்குன்னு நான் பார்க்கறேன். ஏதாவது ஆனா எனக்கு ஆகட்டும்,” என்பான். கேட்கும்போதெல்லாம் அவளுக்கு மனசு குளிர்ந்துவிடும். எத்தனையோ ஆண்களைப் பார்த்தவள் அவள். தனக்காக ஆபத்தில் முதலில் கையை விடும் ஒருத்தன் கிடைத்தது லேசுப்பட்ட விஷயமா? அவனோடு ஆணுறையும் கிடையாது. அதெல்லாம் கஸ்டமருக்கு. தன் சட்டத்தில் ஓட்டை இருப்பதாக அவளுக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

இரண்டு மாதத்துக்கு முன்னால் சாவடியில் அவள் பையைத் திறக்கச் சொன்னார்கள். இரண்டு ஊசி, ஒரு பெட்டி ஆணுறை. மூன்று வாரம் உள்ளே இருந்தாள். பவுடர் இல்லாமல் உடம்பு பட்ட பாட்டை அவள் யாரிடமும் சொல்லவில்லை. வெளியே வந்த அன்று வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக மையத்துக்குப் போய் ஒரு பிடி பிடித்தாள்.

“சிஸ்டர், நீங்க திறக்கறப்போ நாங்க தூங்கறோம். நாங்க எந்திரிக்கறப்போ நீங்க பூட்டறீங்க. யாருக்காக இந்தக் கடைய நடத்தறீங்க?”

அங்கே இருந்த நர்ஸ் குள்ளமாக, தடிக் கண்ணாடி போட்டவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நியாயம்தான். நான் எங்க வரட்டும், எத்தன மணிக்கு வரட்டும், சொல்லுங்க.”

சண்டைக்கு வரிந்துகட்டிக்கொண்டு வந்தவளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. “பார்லருக்கு வாங்க,” என்றாள். “புதன்கிழமை, மூணு மணிக்கு.”

பார்லர் என்பது லாட்ஜ் தெருவில் ஒரே ஓர் அறை. இரண்டு நாற்காலி, மூன்று கண்ணாடி, பின்னால் திரை போட்டு ஓர் இடுக்கு. மூன்று மணிக்கு அந்தத் தெருப் பெண்கள் எல்லோரும் அங்கேதான் இருப்பார்கள். புருவம் திருத்தவும் ஊர் வம்பு பேசவும் அதைவிட நல்ல இடம் கிடையாது. நர்ஸ் அழகு சாதனக் கம்பெனி ஆள் மாதிரி ஒரு பெரிய பெட்டியோடு வந்தார். மேலே நாலு கிரீம் டப்பா, அடியில் புது ஊசிகள், ஆணுறைகள், ரத்தம் பார்க்கும் அட்டைகள். சாவடிப் போலீஸ்காரர் பெட்டியைப் பார்த்துவிட்டு முகப்பருவுக்கு என்ன நல்லது என்று கேட்டாராம். நர்ஸ் பொறுமையாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

முதல் புதனிலேயே கூட்டம் கூடிவிட்டது. விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம், இருபது நிமிஷம் காத்திருக்க வேண்டும். அட்டையில் ஒரு கோடு வந்தால் எய்ட்ஸ் கிருமி இல்லை, இரண்டு கோடு வந்தால் இருக்கிறது. டீச்சருக்கு ஒரு கோடு. பாப்பாவுக்கு ஒரு கோடு. பம்பரம் தெருவில் ஒருத்தி விடாமல் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். அவள் முறை வரும்போது மட்டும் தலையில் டை காய்ந்துகொண்டிருக்கும், அல்லது அவசரமாக ஒரு போன் வந்துவிடும். பயமா என்று பார்லர் நடத்தும் அக்கா கேட்டதற்கு அவள் மேல் பாய்ந்து பிடுங்கினாள். பயம்தான்.

மூன்றாவது புதனன்று தன் கலர் சட்டத்தை நர்ஸுக்கு விளக்கினாள். கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். பாப்பாவைப் பார்த்துக் கத்திய கதையையும் நடித்துக் காட்டினாள்.

“ஒரு தடவைக்கு ஒரு புது ஊசி, அதுதான் சரி. இனிமே நான் வாராவாரம் கொண்டுவருவேன்,” என்றார் நர்ஸ். “ஆனா கையில ஒண்ணுமே இல்லாதப்போ இப்படி யோசிச்சீங்க பாருங்க, அது பெரிய விஷயம். சரி, உங்க வீட்டுக்காரருக்கு என்ன கலர்?”

பார்லர் அக்கா ஹேர் டிரையரை நிறுத்திவிட்டாள்.

“அவருக்கு எதுக்கு சிஸ்டர் கலர்? அவர் நம்ம வீட்டு ஆளு.”

“அப்ப நாங்க யாருக்கா?” என்று கேட்டாள் பாப்பா. குத்திக் காட்டவில்லை, நிஜமாகவே கேட்டாள்.

“முதல்ல அவர், அப்புறம் நீ. அதே ஊசி,” என்றாள் டீச்சர் மெதுவாக. “நானும் இத்தன நாள் பார்த்துட்டுத்தானே இருந்தேன். எனக்கும் உறைக்கலையே.”

நர்ஸ் பம்பரத்துக்குப் பாடம் எடுக்கவில்லை. கோபித்துக்கொள்ளவும் இல்லை. வீட்டில் கேட்பது கஷ்டம்தான் என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு வார்த்தைதான் அவளை அங்கே அழவிடாமல் காப்பாற்றியது.

“அடுத்த புதன் அவரக் கூட்டிட்டு வர்றேன். ரெண்டு பேருக்கும் பாருங்க,” என்றாள்.

அன்று சாயங்காலம் பெயின்டர் வேலை முடிந்து வந்து டர்பன்டைனில் கை கழுவிக்கொண்டிருந்தான். பம்பரம் பக்கத்தில் போய் நின்றாள்.

“என்னங்க. உங்களுக்கு என்ன கலர் பிடிக்கும்?”

“எதுக்கு, சட்டை எடுக்கப் போறியா?”

விஷயத்தைச் சொன்னாள். தனி ஊசி, தனிக் கலர், புதன்கிழமை டெஸ்ட். சொல்லச் சொல்ல அவன் முகம் கறுத்துக்கொண்டே போனது.

“நான் என்ன கஸ்டமரா?”

“அதில்லங்க.”

“நாப்பது வீட்டுக்குக் கலர் எடுத்துக் குடுத்தவன் நான். எனக்கு நீ கலர் குடுக்கறியா? நான் உன்னை ஒரு நாள், ஒரே ஒரு நாள், எங்க போற யாரப் பார்க்கறன்னு கேட்டிருப்பேனா?”

“யோவ், உன்னைச் சந்தேகப்படலய்யா. எனக்கும் சேர்த்துத்தான் பார்க்கணும்.”

“புருஷன் பொண்டாட்டிக்கு ஒரே தட்டு, ஒரே ஊசின்னு இருந்தோம். இப்ப பிரிச்சு வைக்கற. வச்சுக்கோ.”

பெயின்டர் வீட்டை விட்டுக் கிளம்பினான். பிழைப்புக்கு வேண்டுமே என்று ஏணியையும் தூக்கிக்கொண்டான். கோபமாகப் போகிறவனுக்கு ஏணி தோதுப்படாது. முன் கதவில் இடித்தது, திருப்பினால் பின்னால் அலமாரியில் இடித்தது. கடைசியில் பாப்பா ஓடிப் போய் மறுமுனையைப் பிடித்து வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள். மூன்று பேரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார்கள். அவன் தெருமுனை திரும்பியதும் பம்பரத்துக்கு அழுகை வந்தது.

இரண்டு நாள் கழித்து அவளுக்கு உடம்பு முறுக்க ஆரம்பித்தது. போட்டுவிட ஆள் இல்லை. பாப்பா நர்ஸ் கொடுத்த புது ஊசி ஒன்றைப் பிரித்துச் சிவப்பு வளையம் போட்டு, தானே போட்டுவிட்டாள். தனக்கு முன்னால் யாரும் தொடாத ஊசி ஏறுவது இதுதான் முதல் தடவை என்பது பம்பரத்துக்கு அப்போதுதான் உறைத்தது. பதினோரு வருஷம்!

சனிக்கிழமை ஓனர் வந்தார். “எங்கம்மா, வீட்டுக்காரர ஆளையே காணோம்?”

“வெளியூர்ல வேலைங்க.”

“ஏணிய எடுத்துட்டுப் போனத எதிர் வீட்டுல பார்த்திருக்காங்க. சண்டையா? இங்க பாரும்மா, ஆம்பள இல்லாத வீடுன்னா எனக்கு நாலு பேர் கேள்வி கேப்பாங்க. மாசக் கடைசி வரைக்கும் பார்ப்பேன்.” தங்கையைப் பார்த்தும் ஒரு கேள்வி கேட்டார். “உங்க அண்ணன் போன் பண்ணலையா?” டீச்சர் அண்ணனுக்காக மூக்கை உறிஞ்சிக் காட்டினாள்.

அவர் போனதும் டீச்சர் கதவைச் சாத்தினாள். “பம்பரம், ஒரு வார்த்த போதும். தெரியாம சொல்லிட்டேன், கலரும் வேணாம் டெஸ்ட்டும் வேணாம்னு சொன்னா ஓடி வந்துடுவார். வீடும் தங்கும். உன் இஷ்டம். நான் குத்தம் சொல்ல மாட்டேன்.”

பம்பரம் கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்தாள். போனைக் கையில் எடுத்தாள், அவன் பெயர் வரை போனாள். வீடு போனால் மூன்று பேரும் லாட்ஜ் வராந்தாவில்தான் படுக்க வேண்டும். அவன் போனால் அவளுக்கு ஒருத்தரும் இல்லை. அவனுடைய தடித்த விரல்களும் வார்னிஷ் வாடையும் இல்லாமல் அந்தக் கட்டிலில் அவளால் தூங்க முடியவில்லை. அவ்வளவு ஆசை அவன் மேல். அலமாரியில் தம்ளர்கள் மூன்றும் நின்றுகொண்டிருந்தன.

“அன்னிக்குப் பாப்பாவ அந்தக் கத்து கத்தினேனே, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கத்தினேன்?” என்றாள். போனை அரிசிப் பானைக்குள் போட்டு மூடினாள். எடுக்கத் தோன்றினாலும் கொஞ்சம் சிரமப்படட்டும் என்றுதான்.

புதன்கிழமை மூன்று மணிக்குத் தனியாகப் பார்லருக்குப் போனாள். இந்தத் தடவை தலையில் டை இல்லை, போனும் வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து கையை நர்ஸிடம் நீட்டிவிட்டாள். அப்போது வாசலில் எதுவோ டமார் என்று இடித்தது. பார்லரின் கண்ணாடிக் கதவு வழியே ஏணியின் முனை எட்டிப் பார்த்தது.

“உள்ள கொண்டு வராதீங்க, கண்ணாடி உடையும்!” என்று அலறினாள் பார்லர் அக்கா.

பெயின்டர் ஏணியை வெளியே சாத்திவிட்டு உள்ளே வந்தான். ஒரு வாரத் தாடி. சட்டையில் எந்த வீட்டின் எந்த அறைக்கு என்ன கலர் அடித்தான் என்று படித்துவிடலாம் போல இருந்தது. ஆவி பிடித்துக்கொண்டிருந்தவள், புருவம் திருத்திக்கொண்டிருந்தவள், எல்லோரும் அவனையே பார்த்தார்கள். அந்த அறைக்குள் வந்த முதல் ஆண் அவன்தான்.

“வாங்க அண்ணே, ஃபேஷியலா?” என்றாள் ஒருத்தி.

நர்ஸ் இருவரையும் திரைக்குப் பின்னால் உட்கார வைத்தார். முடிவைத் தனித்தனியாகச் சொல்லட்டுமா, சேர்ந்து கேட்கிறீர்களா என்று விசாரித்தார். சேர்ந்துதான் என்றார்கள். “சரி, யார் முதல்ல?”

குளியலில் முதல், சாப்பாட்டில் முதல், ஊசியில் முதல் என்று பதினோரு வருஷம் எல்லாவற்றுக்கும் முன்னால் நின்ற பெயின்டர் தன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

“நீ போ,” என்றான். “நீ போ முதல்ல.”

திரைக்கு வெளியே பார்லரே வெடித்துச் சிரித்தது. பம்பரமும் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே விரலைக் கொடுத்தாள். குத்தியது தெரியவே இல்லை.

இருபது நிமிஷத்தை ஓட்ட வேண்டுமே. பெயின்டர் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். “ஈரம் காயறதுக்குள்ள அடிச்சிருக்கான். அதான் உரியுது,” என்றான். பிறகு, “பட்டி போடல,” என்றான். பம்பரம் அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

நர்ஸ் அட்டைகளைக் கொண்டுவந்து வைத்தார். அவளுக்கு ஒரு கோடு. அவனுக்கு இரண்டு.

வெளியே சிரிப்பு எப்போது நின்றது என்று தெரியவில்லை. அந்த இடுக்கில் பேசினால் வெளியே கேட்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். பார்லர் அக்கா இரண்டு ஹேர் டிரையரையும் முழு வேகத்தில் போட்டுவிட்டாள். அவளுக்கு அந்த அறிவு உண்டு.

“நீ உள்ள இருந்த மூணு வாரம்,” என்றான் பெயின்டர். “வேலை நடக்கற சைட்ல மூணு பேரு. அவங்க ஊசியிலதான் போட்டேன். வீட்டுல உன் ஊசி இருந்துச்சு. அந்தச் சிவப்பப் பார்த்தா உன் ஞாபகம் வந்துச்சு, எடுக்க மனசு வரல.”

“எப்ப வந்துச்சு, யாரால வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது. அந்தக் கணக்க இன்னிக்கே விட்டுடுங்க,” என்றார் நர்ஸ். மற்றதை நிதானமாகச் சொன்னார். பெரிய ஆஸ்பத்திரியில் இன்னொரு தடவை பார்த்து உறுதி செய்ய வேண்டும், நாளைக்குத் தானே கூட வருவார். தினமும் மாத்திரை. விடாமல் போட்டால் எல்லோரையும் போல ஆயுசு. பம்பரத்துக்கு இப்போது ஒரு கோடு, ஆனால் உறுதியாகச் சொல்ல மூன்று மாதம் கழித்து இன்னொரு தடவை பார்க்க வேண்டும். அதுவரை தடுப்பு மாத்திரை, தனி ஊசி, பவுடர் கரைக்கத் தனிக் கரண்டி, ஆணுறை. ஊசியையே விட்டுவிட நினைத்தால் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை மையத்தில் இருக்கிறது, எப்போது கேட்டாலும் கிடைக்கும். பம்பரம் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பெயின்டர் அவளுடைய அட்டையை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு கோடுதானே, ஒரு கோடுதானே என்று இரண்டு தடவை நர்ஸிடம் கேட்டான்.

வீட்டுக்குத் திரும்பும்போது ஏணியின் முன்பக்கம் அவன் தோளில், பின்பக்கம் அவள் கையில்.

“போகச் சொன்னா போயிடறேன்,” என்றான் திரும்பிப் பார்க்காமல்.

“யோவ், போறதா இருந்தா ஏணிய வச்சுட்டுப் போ. ஓனருக்கு அதையாவது காட்டணும்.”

அவன் தோள் குலுங்கியது. சிரிக்கிறான் என்று நினைத்தாள். ஏணியைக் கீழே வைத்துவிட்டு முன்னால் போய்ப் பார்த்தால் அழுதுகொண்டிருந்தான். நடுத்தெரு என்றும் பார்க்காமல் அவளும் சேர்ந்து அழுதாள். பின்னால் வந்த சைக்கிள்காரர் மணி அடித்து அடித்துச் சலித்துப்போய், இறங்கி ஏணியைத் தாண்டிக்கொண்டு போனார்.

மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோதும் பம்பரத்துக்கு ஒரு கோடுதான். அதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது, அந்தப் பெண்ணை அத்தனை நாள் இழுத்தடித்தது போதும். ஆனால் கதை முடிவது அன்று இல்லை. ஏணி வீட்டுக்கு வந்த மறுநாள் மதியம்.

பம்பரம் எழுந்து வந்தபோது பெயின்டர் ஏற்கெனவே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுத் திரும்பியிருந்தான். பின்கட்டில் சிமென்டுத் தரையில் குந்தி உட்கார்ந்திருந்தான். முன்னால் நர்ஸ் கொடுத்த புது ஊசிகள், முனை மூடி கழற்றாமல் ஒரு டஜன். பக்கத்தில் பெயின்ட் டப்பா, கையில் மிக மெல்லிய பிரஷ். ஒவ்வோர் ஊசியையும் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு, மேலிருந்து கீழ் வரை சில்வர் கலரில் பட்டை அடித்தான். அடித்ததை ஒரு செங்கல்லின் மேல் சாய்த்துக் காய வைத்தான். வெயிலில் எல்லாம் பளபளவென்று மின்னின.

“நெயில் பாலிஷ் இருக்கே,” என்றாள் பம்பரம்.

“அது ரெண்டு நாள்ல உரிஞ்சிடும். இது எனாமல். கேட்டுக்கு அடிக்கறது. மழைக்கும் போகாது, வெயிலுக்கும் போகாது.” அவன் நிமிரவில்லை. “ரெண்டு கோட்டிங் அடிக்கறேன். தூக்கக் கலக்கத்துல எடுத்தாக்கூடத் தெரியணும்.”

அவள் பக்கத்தில் குந்தினாள். இப்படி ஓர் அழகான வேலையை அவன் எந்த வீட்டுக்கும் செய்து அவள் பார்த்ததில்லை. காய்ந்துவிட்டதா என்று பார்க்க ஒன்றின் மேல் விரலைக் கொண்டுபோனாள்.

“கைய எடு!” பெயின்டர் போட்ட சத்தத்தில் பின் வீட்டு ஜன்னல் திறந்தது. “அது உன் கலர் இல்ல!”

பம்பரம் கையை எடுத்துக்கொண்டாள். அவன் கண் சிவந்திருந்தது. அவள் எழுந்து சமையலறைக்குப் போய், அலமாரியில் நாலாவதாக வைக்க ஒரு தம்ளரைத் தேடினாள்.